ஷாக் மெஷின் பயிற்சிக்கு ஆள் கூப்பிட்டோம்: கொடுத்த காசுக்குத் தகுமா?

தெற்கே ஒரு சின்ன ஊரில், 60 படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் நர்சிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். இந்த வேலைக்கு வந்து 19 வருடம். போன ஆடியில் வெளியூரிலிருந்து ஒரு பயிற்சிக் குழுவை வரவழைத்து, எங்கள் ஸ்டாஃப் 26 பேருக்கு இரண்டு நாள் டீஃபிப், அதாவது இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் மெஷின் பயிற்சி நடத்தினோம். தலைக்கு 2,000 ரூபாய். அவர்கள் தங்கும் அறையும் சாப்பாடும் எங்கள் செலவு. அந்தக் குழுவின் பெயரைப் போடப்போவதில்லை. குறையும் சொல்லப்போகிறேன், பெயரைப் போட்டால் நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்பதும் இரண்டு நாளில் தெரிந்துவிடும். பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இந்த மாதிரிப் பயிற்சிக்கு ஆள் கூப்பிடுமுன் எதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் மற்ற ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத் தேவைப்படும்.

நாங்கள் ஏன் கூப்பிட்டோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி, இரண்டரை மணி. ஐ.சி.யூ.விலிருந்து முந்தின நாள்தான் வார்டுக்கு மாற்றிய ஆள், 50 வயதுக்கு மேல். மானிட்டரில் வி.எஃப்., அதாவது இதயம் ஒழுங்காகத் துடிக்காமல் நடுங்கும் நிலை. இருந்த இரண்டு ஸ்டாஃபில் ஒருத்தி நெஞ்சை அமுக்க ஆரம்பித்தாள், இன்னொருத்தி ஓடிப்போய் மெஷினை இழுத்துவந்தாள். ஜெல் தடவி, ஷாக்கின் அளவை 200 ஜூலில் வைத்து, சார்ஜ் ஏற்றி, நெஞ்சில் வைத்து அழுத்தும் கைப்பிடித் தகடுகளான இரண்டு பேடிலிலும் பட்டனை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். அப்போதும் இல்லை. மெஷின் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஏற்றின சார்ஜைத் தானே இறக்கிவிட்டது. “மெஷின் ரிப்பேர்” என்று கத்தி, மேல்மாடி தியேட்டரில் இருந்த இன்னொரு மெஷினை இறக்கி ஷாக் கொடுப்பதற்குள் ஏழு நிமிடம் ஆகிவிட்டது. துடிப்பு திரும்பியது. நினைவு திரும்பவில்லை. ஐந்தாம் நாள் இறந்துபோனார்.

காலையில் பயோமெடிக்கல் ஆள் வந்து பார்த்தார். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. சிங்க் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். சிங்க் பட்டன் வேறு வேலைக்கானது. இதயம் நாடியோடு, ஆனால் மிக வேகமாக அடித்துக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு துடிப்பின் உச்சத்தையும் மெஷின் பார்த்து, அந்த நொடியில் மட்டும் ஷாக் கொடுப்பதற்காக வைத்தது. வி.எஃப்.பில் இதயம் வெறுமனே நடுங்குகிறது, உச்சம் என்று ஒன்றே கிடையாது. மெஷின் வராத விருந்தாளிக்காகக் காத்திருந்த மாதிரி காத்திருந்திருக்கிறது. அந்தப் பெண் ஏன் சிங்கை அழுத்தினாள் என்று விசாரித்தால், மெஷின் வாங்கியபோது கம்பெனி ஆள் வந்து காட்டிய டெமோவில் அவர் அதை அழுத்தினாராம். அவர் காட்டியது கார்டியோவெர்ஷன், அந்த வேகத் துடிப்பை ஒழுங்குக்குக் கொண்டுவரும் ஷாக். 40 நிமிட டெமோ, பார்த்தவர்கள் ஆறு பேர். அதில் நாலு பேர் இப்போது வளைகுடாவில் இருக்கிறார்கள். மீதி இருவரில் ஒருத்திதான் அன்று டூட்டி. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரே ஒரு முறை பார்த்ததை மூன்று வருடம் ஞாபகம் வைத்திருந்தாள், பார்த்ததுதான் தப்பு.

அதற்கப்புறமும் மேனேஜ்மென்ட் அசைய இரண்டு வருடம் ஆயிற்று, அது வேறு கதை.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். வந்தவர்கள் நாலு பேர். தலைமை ஒரு மயக்க மருந்து டாக்டர், 60 வயது இருக்கும். அவரோடு எமர்ஜென்சியில் வேலை பார்த்த ஆண் நர்ஸ் ஒருவர், ஆம்புலன்ஸில் இருந்த இரண்டு பையன்கள். டாக்டர் சார் உள்ளே நுழைந்ததும் காபிகூடக் குடிக்காமல், “உங்க மெஷின் எங்க இருக்கு, காட்டுங்கம்மா” என்றார். அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்தது. அப்புறம் பார்த்தால், அந்தக் கேள்விக்கும் முதல் நாள் பாடத்துக்கும் சம்பந்தமே இல்லை.

முதல் நாள் காலை முழுக்க நெஞ்சமுக்கம். 26 பேருக்கு மூன்று பொம்மை. போனில் ஐந்து என்று சொல்லியிருந்தார்கள். ஒன்பது பேர் ஒரு பொம்மையைச் சுற்றி நின்றால், ஒருத்தர் முறை வருவதற்குள் மீதிப் பேர் வாட்ஸப் பார்க்கிறார்கள். அமுக்கும் ஆழத்தையும் வேகத்தையும் திரையில் காட்டும் பொம்மை ஒன்றே ஒன்று. மற்ற இரண்டிலும் ‘க்ளிக்’ சத்தம் மட்டும். திரை உள்ள பொம்மையில்தான் உண்மை வெளிவந்தது. 15 வருட அனுபவம் உள்ள சிஸ்டர்கள்கூட 3 செ.மீ.க்கு மேல் அமுக்கவில்லை. வேண்டியது 5 செ.மீ., 6-ஐத் தாண்டக்கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120. நானும் இறங்கிப் பார்த்தேன். முதல் நிமிடம் பச்சை விளக்கு, இரண்டாம் நிமிடம் பாதியில் சிவப்பு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றச் சொல்வது ஏன் என்று என் முட்டி புரிந்துகொண்டது.

பொம்மையின் முகத்தைப் பற்றி அந்த நர்ஸ் தம்பி ஒரு கதை சொன்னார். பாரிஸில் செய்ன் ஆற்றில் கிடைத்த, பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகம் என்று வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு முக அச்சு உண்டாம். நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்முண்ட் லேர்டால் என்பவர் 1960-இல் அந்த முகத்தை வைத்து இந்தப் பயிற்சிப் பொம்மையைச் செய்தார். கேட்டதும் எங்கள் பிள்ளைகளில் இருவர் அதன் வாயில் ஊத மறுத்துவிட்டார்கள். கதையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லியிருக்கலாம்.

எண்ணுவதில் ஒரு விஷயம் கண்டுபிடித்தோம். இது எந்தப் புத்தகத்திலும் இருக்காது என்று நினைக்கிறேன். 30 அமுக்கத்துக்கு 2 ஊதல் என்பதால் சத்தமாக எண்ண வேண்டும். “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று தமிழில் எண்ணினால் பத்து வரை ஓட்டம் சரியாக இருக்கிறது. “இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு” என்று வரும்போது வாய் நீள்கிறது, கையும் அதோடு சேர்ந்து நிதானமாகிவிடுகிறது. கடைசிப் பத்தில் வேகம் நூறுக்குக் கீழே போனதைத் திரை காட்டிக்கொடுத்தது. மூன்று தடவை பத்துப் பத்தாக எண்ணச் சொன்னேன், சரியாகிவிட்டது. டாக்டர் சார் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். இப்படி மாணவர் சொல்வதை எழுதிக்கொள்ளும் வாத்தியாருக்கு நான் அரை மார்க் கூடுதலாகப் போடுவேன்.

மதியம்தான் எரிச்சல். ஒன்றரை மணி நேரம் ஏ.இ.டி. அது தானாக ஆராய்ந்து, தானாகச் சொல்லி, நாம் பட்டனை மட்டும் அழுத்தும் மெஷின். விமான நிலையத்தில், மாலில் மாட்டியிருப்பார்களே, அது. எங்கள் ஆஸ்பத்திரியில் ஒன்றுகூடக் கிடையாது. எங்களிடம் இருப்பது திருகுகிற குமிழும் பேடிலும் உள்ள கைமுறை மெஷின். பயிற்சி ஏ.இ.டி. பேசுவதோ ஆங்கிலத்தில், அதுவும் மூக்கால். “எங்ககிட்ட இல்லாததை எதுக்கு சார்?” என்று கேட்டேன். “சிலபஸில் இருக்கும்மா” என்றார். பணம் கொடுத்தது நாங்கள், சிலபஸ் யாருடையதோ. ஒரு நியாயத்துக்காகச் சொல்கிறேன்: நம் டயாலிசிஸ் பகுதிக்கும் வெளிநோயாளிப் பகுதிக்கும் ஏ.இ.டி. ஒன்று வாங்கிப் போட்டால் நல்லதுதான் என்று அன்றைக்குத் தோன்றியது. வாங்கிய பிறகு அந்தப் பாடத்தை வைத்திருக்கலாம்.

இரண்டாம் நாள் எங்கள் மெஷினைத் தூக்கிவந்து மேஜை மேல் வைத்தார்கள். அங்கிருந்து பயிற்சிக்கு உயிர் வந்தது.

பழைய சிஸ்டர்கள் இதை டீஃபிப் என்று சொல்லமாட்டார்கள், ‘டிசி ஷாக்’ என்பார்கள். ஏன் டிசி என்று ஒரு பெண் கேட்டாள். “பள்ளிக்கூடத்துல கொடுப்பாங்களே, அந்த டிசியா மேடம்?” எல்லோரும் சிரித்தோம். டாக்டர் சார் விடவில்லை. 1947-இல் கிளீவ்லாந்தில் கிளாட் பெக் என்ற சர்ஜன், 14 வயதுப் பையனுக்கு நெஞ்சைத் திறந்து வைத்தே இதயத்தில் ஷாக் கொடுத்துப் பிழைக்கவைத்தார். 1956-இல் பால் ஸோல் நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்தே கொடுத்தார். இரண்டும் வீட்டில் வரும் ஏ.சி. கரண்ட். பெர்னார்ட் லவுன்தான் 1962 வாக்கில் டி.சி.க்கு மாற்றினார், அதற்கப்புறம் மெஷின் பத்திரமாகவும் நம்பகமாகவும் ஆயிற்று. நாம் சொல்கிற டிசி அந்த டி.சி. ஐந்து நிமிடம் பேசியிருப்பார். நான் பார்த்த ஸ்லைடுகளைவிட அது மேல்.

அப்புறம் ஒரு கேள்வி போட்டார். மானிட்டரில் நேர்கோடு, ஷாக் கொடுப்பீர்களா? பாதிப் பேர் கை தூக்கினார்கள். சினிமா செய்த வேலை. ஷாக் கொடுக்க வேண்டியது வி.எஃப்.புக்கும், நாடி இல்லாத வி.டி.க்கும் (இதயத்தின் கீழறைகள் மிக வேகமாக ஓடுவது) மட்டும். நேர்கோட்டுக்குக் கிடையாது. திரையில் ஓட்டம் ஒழுங்காகத் தெரிந்து நாடி மட்டும் கிடைக்காத நிலைக்கும் கிடையாது. அங்கே அமுக்கமும் அட்ரினலினும் காரணத்தைத் தேடுவதும்தான். அவர் சொன்ன உவமை எனக்குப் பிடித்தது. வி.எஃப். என்பது வாத்தியார் இல்லாத வகுப்பு, ஆளாளுக்குக் கத்துகிறார்கள். ஷாக் என்பது ஹெட்மாஸ்டர் வந்து மேஜையில் ஓங்கி ஒரு தட்டு. எல்லோரும் கப்சிப். அந்த அமைதியில் கிளாஸ் லீடர் எழுந்து வேலையை ஆரம்பிக்க வேண்டும். ஆளே இல்லாத வகுப்பில் மேஜையைத் தட்டி என்ன பயன்?

நேர்கோட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. அதை எங்கள் மெஷினிலேயே காட்டினார். நெஞ்சில் பேடிலை வைத்திருக்கிறோம். ஆனால் திரையில் லீட் 2 (ஈ.சி.ஜி. வயர் வழியாக வரும் படம்) என்று தேர்வாகியிருக்கிறது, ஈ.சி.ஜி. வயர் எதுவும் ஒட்டவில்லை. அப்படியானால் உள்ளே இதயம் வி.எஃப்.பில் துள்ளிக்கொண்டிருந்தாலும் திரையில் கோடுதான் வரும். ‘பேடில்ஸ்’ என்று மாற்றினால்தான் உண்மை தெரியும். எங்கள் டூட்டி டாக்டர்கள் இருவருக்கும் அது அன்றுதான் தெரிந்தது. மெஷினின் பெயர்ப்பலகை மட்டும்தான் எங்களுக்கு அதுவரை பழக்கம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

சிங்க் கதையை நான் சொன்னேன். அறையில் சத்தமே இல்லை. அந்தப் பெண்ணும் அங்கே இருந்தாள். நர்ஸ் தம்பி ஒன்றும் பேசாமல், அவளைக் கூப்பிட்டு, சிங்க் போட்டு ஒருமுறை, எடுத்து ஒருமுறை என்று சிமுலேட்டரில் பத்துத் தடவை செய்யவைத்தார். சில மெஷின்கள் ஒரு ஷாக்குக்கு அப்புறம் தானே சிங்கை அணைத்துவிடும், சில அணைக்காது, உங்களுடையது எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பத்தாவது தடவை அவள் சிரித்துக்கொண்டே செய்தாள்.

ஜெல் விஷயத்தில் திட்டு வாங்கினோம். டீஃபிப் ஜெல் தீர்ந்துபோய், ஸ்கேன் அறையிலிருந்து எடுத்த ஜெல் பாட்டில் க்ராஷ் வண்டியில் (அவசரத்துக்கு வேண்டியதை வைக்கும் தள்ளுவண்டி) இருந்தது. ஸ்கேனுக்கான ஜெல் கரண்டைக் கடத்துவதற்காகச் செய்தது இல்லை. தோல் பொசுங்கும், ஷாக் உள்ளே சரியாகப் போகாது. பேடிலை வலது காறை எலும்புக்குக் கீழே ஒன்று, இடது அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் ஒன்று என்று வைத்து, உடம்பின் பாரத்தைப் போட்டு அழுத்த வேண்டும். நம் பெண்கள் நோயாளிக்கு வலிக்குமோ என்று பூப்போல வைக்கிறார்கள். ஈரம் இருந்தால் துடைக்க வேண்டும். ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கழற்றித் தள்ளி வைக்க வேண்டும்.

தாலிச் சங்கிலி பற்றி யார் கேட்பது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம், நான்தான் கேட்டேன். கழற்ற வேண்டாம், அறுக்கவும் வேண்டாம், பேடிலுக்கு அடியில் வராமல் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டால் போதும் என்றார். அதைச் சொன்னவுடன் அறையில் ஒரு பெருமூச்சு. பெண் நோயாளி என்றால் துணியை விலக்கத் தயங்குவதிலேயே அரை நிமிடம் போகிறது. புருஷனும் மாமியாரும் பக்கத்திலேயே நிற்பார்கள். அதற்காக வண்டியில் கத்தரிக்கோல் வைத்திருக்கிறோம். எடுத்துக் காட்டச் சொன்னார். துருப்பிடித்து வாய் திறக்கவில்லை.

“க்ளியர்” என்ற சொல்லிலும் சிக்கல். ஷாக் கொடுக்குமுன் அப்படிக் கத்த வேண்டும் என்பது பாடம். வேடிக்கை பார்க்க நின்ற ஆயாம்மா ஒருவர், அதைக் கேட்டதும் படுக்கையில் கிடந்த காட்டனையும் சிரிஞ்சையும் அள்ள முன்னால் வந்துவிட்டார். எங்கள் வார்டில் “க்ளியர் பண்ணுங்க” என்றால் அதுதான் அர்த்தம்! அன்றிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரியில், “யாரும் தொடாதீங்க! நான் தொடலை, நீங்க தொடலை, யாரும் தொடலை” என்று கட்டிலைத் தலை முதல் கால் வரை பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும். ஐந்து நொடிகூட ஆகாது.

இந்த ஆயாம்மா விஷயத்தில்தான் எனக்கும் குழுவுக்கும் பெரிய சண்டை. பயிற்சி நர்ஸ்களுக்கும் டாக்டர்களுக்கும் மட்டுமாம். வார்டு உதவியாளர்களுக்குச் சான்றிதழ் கிடையாது, அதனால் இடமும் கிடையாது. எங்கள் ஆண்கள் வார்டில் ராத்திரி 18 நோயாளிக்கு ஒரு ஸ்டாஃப், ஒரு ஆயாம்மா. ஸ்டாஃப் மெஷின் எடுக்க ஓடினால் நெஞ்சை அமுக்குவது யார்? இந்திய மயக்க மருந்து டாக்டர்கள் 2017-இல் நம் நாட்டுக்கென்று வெளியிட்ட வழிமுறையிலேயே, மருத்துவப் பயிற்சி இல்லாத பொதுமக்களுக்கு ஊதல் இல்லாமல் அமுக்கம் மட்டும் என்று தனியாக வகுத்திருக்கிறார்கள். ரோட்டில் போகிறவர் செய்யலாம், 12 வருடமாக வார்டில் இருக்கிற அக்கா செய்யக்கூடாதா? கடைசியில் சாப்பாட்டு இடைவேளையில் நர்ஸ் தம்பி, தன் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு, ஐந்து ஆயாம்மாக்களுக்கும் இரண்டு வார்டு பாய்களுக்கும் 40 நிமிடம் சொல்லிக்கொடுத்தார். திரை உள்ள பொம்மையில் அன்றைக்கு மிகச் சரியான ஆழம் யாருடையது தெரியுமா? தினமும் தண்ணீர்க் குடம் சுமக்கிற அக்காவுடையது. வேகம்தான் கொஞ்சம் கூடுதல். “மேல்மூச்சு வாங்குதுன்னா உயிர் இருக்குன்னுதானே சிஸ்டர் அர்த்தம்?” என்று கேட்டவரும் அவர்தான். இல்லை, நின்றுபோகும் இதயத்தின் கடைசி இழுப்பு அப்படித்தான் இருக்கும், கூப்பிட்டுப் பதில் இல்லை என்றால் ஆரம்பித்துவிட வேண்டும் என்று சொன்னபோது, தன் அப்பாவை நினைத்தாரோ என்னவோ, ரொம்ப நேரம் பேசவில்லை.

எழுத்துத் தேர்வு முழுக்க ஆங்கிலம். டிப்ளமோ படித்த பிள்ளைகள் கேள்வியே புரியாமல் திணறினார்கள். பேடிலை ஒரு நொடி தயங்காமல் பிடித்த பெண், பாஸ் மார்க்கான 84-க்குப் பதில் 76 வாங்கி மறுதேர்வு எழுதினாள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கிய ஒரு இளம் டாக்டருக்கு மெஷினை ஆன் பண்ணும் குமிழ் எது என்று நான்தான் காட்டினேன். சான்றிதழில் மூன்று பேர் பெயரில் எழுத்துப்பிழை. இன்னும் திருத்தி வரவில்லை.

இத்தனை குறை இருந்தும் ஐந்துக்கு மூன்றரை ஏன் கொடுக்கிறேன் என்றால், அவர்கள் பேக்கேஜில் இருந்த ஒரே ஒரு சமாச்சாரத்துக்காக. ராத்திரி ஒத்திகை.

முதல் நாள் ராத்திரி 11 மணிக்கு நானும் நர்ஸ் தம்பியும் பொம்மையைப் போர்வையில் சுற்றி, பெண்கள் வார்டின் கடைசிக் காலிக் கட்டிலில் படுக்கவைத்தோம். எங்களைத் தவிர டூட்டி டாக்டருக்கு மட்டும் தெரியும். மணியை அழுத்திவிட்டு நர்ஸ் தம்பி ஸ்டாப்வாட்சோடு தூண் பக்கம் நின்றுகொண்டார். ஸ்டாஃப் வந்து பார்த்து, உதவிக்குக் கூப்பிட 20 நொடி. அமுக்க ஆரம்பித்தது 45-ஆவது நொடி. அதுவரை அருமை. மெஷின் கட்டிலுக்கு வந்தது 2 நிமிடம் 50 நொடியில். முதல் ஷாக் 4 நிமிடம் 5 நொடி.

ஏன் என்று பின்னாலேயே நடந்து பார்த்தோம். க்ராஷ் வண்டிக்கு முன்னால் ஆக்ஸிஜன் சிலிண்டர் தள்ளுவண்டியை யாரோ நிறுத்தியிருந்தார்கள். மெஷினின் வயர் பிளக்கிலிருந்து கழன்று வராமல் மேஜைக் காலில் சுற்றிக்கொண்டது. அதைவிடப் பெரிய தடை எது என்றால், கட்டிலுக்குக் கட்டில் நடுவே பாய் விரித்துப் படுத்திருந்த துணையாட்கள். ஒரு பாட்டியை எழுப்பி, அவர் எழுந்து, தலையணையை எடுத்து, டிபன் தூக்கை நகர்த்தி, பிறகுதான் வண்டி போயிற்று. வெளிநாட்டு வழிமுறைப் புத்தகம் எதிலும் பாய் வராது. நம் ஆஸ்பத்திரியில் பாய் இல்லாத ராத்திரி கிடையாது. இன்னொன்று: கட்டில் மெத்தை பஞ்சு, அமுக்கினால் நெஞ்சோடு மெத்தையும் இறங்குகிறது. முதுகுக்கு அடியில் வைக்கும் பலகை எங்கே என்று தேடினால், அதன் மேல் மருந்துச் சீட்டை வைத்து யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை டாக்டர் சார் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார், நான் அப்புறம் தேடிப் படித்தேன். 2008-இல் வந்தது, அமெரிக்காவில் 369 ஆஸ்பத்திரிகள், உள்நோயாளிகளாக இருக்கும்போதே ஷாக் தேவைப்பட்ட 6,789 பேர். அவர்களில் 30 சதவீதம் பேருக்கு இரண்டு நிமிடத்துக்குள் ஷாக் கிடைக்கவில்லை. நேரத்துக்குக் கிடைத்தவர்களில் 39 சதவீதம் பேர் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள், தாமதமானவர்களில் 22 சதவீதம். தாமதம் எங்கே அதிகம் என்றும் பார்த்திருக்கிறார்கள்: வேலை நேரம் முடிந்த பிறகு, மானிட்டர் இல்லாத படுக்கையில், 250 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியில். நாங்கள் 60 படுக்கை, நேரம் ராத்திரி 11, மானிட்டர் இல்லாத வார்டு. மூன்றும் எங்களைப் பார்த்து எழுதிய மாதிரி இருந்தது.

அன்றே தரையில் மஞ்சள் டேப் ஒட்டினோம். டேப்புக்கு இந்தப் பக்கம் பாய் போடலாம், அந்தப் பக்கம் கூடாது. துணையாட்களுக்கு ராத்திரி 9 மணி ரவுண்டில் ஆயாம்மா சொல்லிவிடுவார். முதல் வாரம் நாலு சண்டை, அப்புறம் பழகிவிட்டது. இரண்டாம் நாள் ராத்திரி ஒத்திகையில் முதல் ஷாக் 1 நிமிடம் 50 நொடி. வேறு எந்தப் புது மெஷினும் வாங்கவில்லை, டேப் 85 ரூபாய்.

மூன்று மாதம் கழித்து ஒரு தடவை இலவசமாக வந்து பார்ப்பதாகச் சொன்னவர்கள், ஐந்தாவது மாதம், நான் நாலு தடவை போன் போட்ட பிறகு வந்தார்கள். வந்தவர் வேறு ஆள், எங்கள் மெஷின் மாடலே அவருக்குப் பழக்கமில்லை. அந்த ஒத்திகையில் நேரம் மறுபடி 2 நிமிடம் 40 நொடிக்கு ஏறியிருந்தது. டேப் அப்படியே இருந்தது, கைதான் மறந்திருந்தது. சான்றிதழ் இரண்டு வருடத்துக்குச் செல்லும், பழக்கம் அதற்கு நாலில் ஒரு பங்கு காலம்கூடத் தாங்காது என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். அதனால் நாங்களே பழைய தலையணையைக் கட்டி ஒரு பொம்மை செய்து, மாதம் ஒரு ராத்திரி ஒத்திகை வைக்கிறோம். காலை ஷிப்டில் மெஷினைக் குறைந்த ஜூலில் டெஸ்ட் செய்து, வந்த சீட்டைக் கிழித்து ரிஜிஸ்டரில் ஒட்டுகிறோம். சிங்க் அணைந்திருக்கிறதா என்று தனியாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். அந்தக் கட்டத்தில் டிக் போடும் பொறுப்பை அந்தப் பெண்ணே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

யாருக்குச் சிபாரிசு செய்வேன்? மெஷின் வாங்கி மூலையில் வைத்திருக்கும் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு, தாராளமாக. புக் செய்யுமுன் எத்தனை பேருக்கு எத்தனை பொம்மை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மெஷினிலேயே சொல்லித்தர வேண்டும் என்று சொல்லுங்கள், மாடல் பெயரை முன்கூட்டியே அனுப்புங்கள். ராத்திரி ஒத்திகை இல்லை என்றால் பேரம் பேசாமல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என்.ஏ.பி.ஹெச். (ஆஸ்பத்திரித் தரச் சான்று) ஆடிட்டுக்குச் சான்றிதழ் மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு இதைவிட மலிவாக வேறு இடங்கள் கிடைக்கும்.

இந்த வருடப் பேட்ச்சுக்குப் போன வாரம் பேசினேன். தேதி தோதாக இருக்கிறது, தொகை 200 ரூபாய் கூட்டியிருக்கிறார்கள், அதுவும் சரி. ஏழு உதவியாளர்களையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொண்டால்தான் அட்வான்ஸ் போடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். “மேலே கேட்டுட்டுச் சொல்றோம் மேடம்” என்றார்கள். இன்னும் போன் வரவில்லை.